ஓபராவும் நம் வாய்ப்பாட்டும்: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கர்நாடக வாய்ப்பாட்டுப் பழக்கும் ரீச்சர் நான். ஓபராப் பாட்டில் எனக்குச் சிறுவயதிலிருந்தே தீராத ஆசை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வீட்டுக்குள் ஒலிக்கும் பாட்டைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்று விசாரிப்பார்கள். பிள்ளைகளும் விடமாட்டார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரீச்சர், ஓபரா எண்டால் என்ன? நாடகமோ, கச்சேரியோ?

நாடகம்தான். கதைமாந்தர் பேசவேண்டியதையெல்லாம் பாடுவார்கள், வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் இருந்து வாசிக்கும். 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இது பிறந்தது. பழைய கிரேக்க நாடகத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று நினைத்த சிலர் செய்த முயற்சி அது. மொன்டெவெர்டி 1607இல் மான்டுவா அரண்மனையில் அரங்கேற்றிய ஓர்ஃபேயோ இன்றும் மேடையேறுகிறது. பாம்பு தீண்டி இறந்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போய், அங்குள்ளவர்களைத் தன் பாட்டாலேயே இளகவைத்தவனின் கதை அது. 1637இல் வெனிஸ் நகரில் காசு கொடுத்து எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஓபரா அரங்கு திறந்தது. அதற்குப் பிறகுதான் இது அரண்மனையை விட்டுச் சனங்களிடம் வந்தது.

இசை நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்து நடித்த அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். குருநகர், பாஷையூர், நாவாந்துறைப் பக்கம் அண்ணாவியார் பழக்கிய கூத்துகளை விடியவிடியப் பார்த்தவர்கள் அதைவிடக் கூட. பாடிக்கொண்டே அழுவதும், பாடிக்கொண்டே சண்டை பிடிப்பதும், பாடிக்கொண்டே சாவதும் அவர்களுக்குப் புதிதல்ல.

ஏன் இவ்வளவு கத்திப் பாடுகினம்? மைக் இல்லையோ?

இல்லை. அதுதான் முழு விஷயமும். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தில், எழுபது எண்பது வாத்தியங்களுக்கு மேலால் ஒரு தனிக்குரல் கடைசி வரிசைவரை போகவேண்டும். கத்தினால் அது போகாது. கத்துகிறவருக்கு அரை மணித்தியாலத்தில் தொண்டை அடைத்துவிடும். இவர்கள் மூன்று மணித்தியாலம் பாடுகிறார்கள்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் யொஹான் சுண்ட்பெர்க் இதை அளந்து பார்த்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலி வலு 500 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 500 அதிர்வை, அண்டிய பகுதியில் கூட. 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அது மிகவும் மெலிந்துவிடும். பயிற்சி பெற்ற ஓபராக்காரர் குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையின் உள்வடிவை மாற்றி, சரியாக அந்த 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன் குரலைச் செறியவைக்கிறார். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தில்தான். ஆண்குரல்களில் இது தெளிவாகத் தெரியும். உச்சத்தில் பாடும் பெண்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது, சுருதியின் உயரமே அவர்களைக் காப்பாற்றிவிடும். வாத்தியத்தோடு பலத்தில் போட்டி போடாமல், வாத்தியம் விட்டுவைத்த இடத்தைக் கண்டுபிடித்து அதற்குள்ளால் போகிறார்கள். ஒலிபெருக்கி வருமுன்பு திறந்த வெளியில் பாடிய நம் இசை நாடகக்காரரும் உயர்ந்த சுருதியைப் பிடித்து இதே பிரச்சினையை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள்.

பொம்பிளையள் அவ்வளவு உச்சத்தில பாடுறது கள்ளக்குரலோ?

கள்ளக்குரல் இல்லை. பெண்களின் குரலில் மேல்தளம் என்று ஒன்று இயல்பாகவே உண்டு. நம் சங்கீதத்தில் அதை அநேகமாகத் தொடுவதில்லை. பெண்கள் நாலரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதி வைத்து, மேல் ஸ்தாயியில் மத்திமம் பஞ்சமத்தோடு நின்றுவிடுகிறோம். ஓபராவில் அந்த மேல்தளத்தையும் நெஞ்சுக்குரலையும் ஒட்டுத் தெரியாமல் இணைப்பதற்கே ஆண்டுக்கணக்காகப் பழகுவார்கள். உயர்ந்த பெண்குரல் சொப்ரானோ, இடைப்பட்டது மெசோ, தாழ்ந்தது கொன்ட்ரால்ட்டோ. ஆண்களில் ரெனர், பரிட்டோன், பாஸ்.

எவ்வளவு உச்சம் என்று கேட்டால், மோட்சார்ட்டின் மந்திரப் புல்லாங்குழலில் இரவு அரசி பாடும் இரண்டாவது பாட்டைச் சொல்வேன். அதன் உச்ச ஸ்வரத்தில் குரல்நாண்கள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1400 தடவை அதிர வேண்டும். 1791இல் அதை முதலில் மேடையில் பாடியவர் மோட்சார்ட்டின் மைத்துனி யோசெஃபா ஹோஃபர். அவருடைய குரலின் வல்லமையைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் மோட்சார்ட் எழுதினார். கோபத்தில் மகளைச் சபிக்கும் தாய் அவள். அந்த உயரம் ஒரு வித்தைக்காக வைக்கப்பட்டதல்ல, வார்த்தை தீர்ந்த இடத்தில் ஆத்திரம் ஸ்வரமாகத் தெறிக்கிறது.

குரல் ஏன் அப்பிடி நடுங்குது? அது கமகமோ?

கமகம் இல்லை. நன்றாகப் பழகிய ஓபராக் குரலில் நீட்டிப் பிடிக்கும் எந்த ஸ்வரமும் நொடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை மெல்ல ஏறி இறங்கும். விப்ராட்டோ என்பார்கள். எல்லா நீண்ட ஸ்வரத்திலும் அது ஒரே சீராக இருக்கும். குரல் இறுக்கமில்லாமல் இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

கமகம் அப்படிச் சீராக எல்லாவற்றிலும் வருவதல்ல. இந்த ராகத்தில் இந்த ஸ்வரத்துக்கு இந்த அசைவு என்று கட்டுண்டது. தோடியின் காந்தாரம் அசைகிறமாதிரி மோகனத்தின் காந்தாரம் அசையாது. ஆகவே ஓபரா கேட்டு ஆசைப்பட்டு, கீர்த்தனையில் அந்த நடுக்கத்தைக் கொண்டுவரும் பிள்ளைகளை உடனே நிறுத்திவிடுவேன். ராகத்தின் முகமே கலங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பாஷை விளங்காமல் எப்பிடி ரசிக்கிறது?

தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையை நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கச்சேரியில் கேட்டுத் தலையாட்டுகிறோமே, நமக்கு எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம், பிறகு காது பழகிவிட்டது. ஓபராவுக்கும் அதுதான் வழி. கதையை முதலில் வாசியுங்கள். யார் யாரிடம் எதற்காகப் பாடுகிறார் என்று தெரிந்தாலே பாதி விளங்கிவிடும்.

இப்போது அரங்கில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும். அதை 1983இல் முதலில் செய்தது ரொறன்ரோவில் உள்ள கனடிய ஓபராக் கொம்பனி. நம் உறவுக்காரர் இத்தனை பேர் இருக்கும் நகரம். அங்கே இருக்கும் மாமா, சித்தி எவரிடமாவது ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கோ என்று நான் பிள்ளைகளைக் கேட்கவைப்பது உண்டு.

நீங்கள் எப்பிடி ரீச்சர் இதுக்கு ஆசைப்பட்டனீங்கள்?

வானொலியில்தான் தொடக்கம். ஆங்கிலச் சேவையில் மேலைத்தேய சங்கீதம் போகும் நேரத்தில், வீட்டில் எவரும் ரேடியோவை மாற்றாத சமயம் பார்த்துக் கேட்பேன். பிறகு கையில் ஒரு கசெற் கிடைத்தது, ஓபராப் பாடகி மரியா கலாஸ் பாடியது. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்டோம். அண்ணா சுற்றுவார். அவருக்குக் கை ஓய்ந்தால் கலாஸின் சுருதி அரைக் கட்டை இறங்கும். "அண்ணா, சுருதி!" என்று கத்தினால் மறுபடி ஏறும்.

அந்தக் குரல் எல்லாருக்கும் பிடிக்கிற வடிவான குரல் அல்ல. சில இடத்தில் கரகரக்கும், மேலே போகும்போது ஆட்டம் காணும். ஆனால் ஒரு சொல்லைப் பாடும்போது அந்தச் சொல்லுக்குரிய ஆளாகவே மாறிவிடுவார். பாடுவது என்றால் ஸ்வரத்தைச் சரியாகப் போடுவது மட்டுமல்ல என்று எனக்குக் காட்டியது அந்தக் கசெற்தான். 1923இல் நியூயோர்க்கில் பிறந்து 1977இல் பாரிஸில் காலமானார் அவர். இன்றைக்கும் ஒரு பதத்தைப் பழக்கும்போது, "இதைச் சொல்கிறவள் யார்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

எங்கட நாட்டைப் பற்றி ஒரு ஓபரா இருக்காமே, உண்மையோ?

உண்மை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிசே எழுதிய முத்துக் குளிப்போர். 1863 செப்ரெம்பர் 30ஆம் திகதி பாரிஸில் அரங்கேறியது. அப்போது பிசேக்கு 24 வயது. முதலில் கதையை மெக்சிக்கோவில் நடப்பதாக யோசித்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். பிசே இந்தப் பக்கம் வந்ததேயில்லை.

கதை இது. முத்துக் குளிக்கும் கரையில் சுர்கா தலைவனாகத் தெரிவாகிறான். பழைய சிநேகிதன் நதீர் திரும்பி வருகிறான். இருவரும் முன்பு ஒரு கோயிலில் முக்காடிட்ட ஒரு பெண்ணைக் கண்டு மயங்கி, அதனால் நட்புக் கெடக்கூடாது என்று அவளை விட்டு விலகியவர்கள். குளிப்பவர்களைக் காக்கப் பாறையில் நின்று பாட லெய்லா என்ற கன்னிப் பூசகி வருகிறாள். அவளேதான். நதீரும் அவளும் பிடிபடுகிறார்கள், மரண தண்டனை. கடைசியில் சுர்கா தானே குடியிருப்புக்குத் தீ வைத்து, சனம் அந்தப் பக்கம் ஓடும்போது இருவரையும் தப்பவிடுகிறான். அந்த இரண்டு ஆண்களும் கோயிலை நினைத்துச் சேர்ந்து பாடும் பாட்டு உலகம் முழுக்கப் பிரபலம். ரெனரும் பரிட்டோனும், கீழே புல்லாங்குழலும் ஹார்ப்பும். முதலில் மாறிமாறி, பிறகு சேர்ந்து. இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போவதைக் கேட்கையில் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும்.

அதில எங்களைப் பிழையாக் காட்டியிருக்கினம் எண்டால் ஏன் கேக்க வேணும்?

பிழைகள் நிறைய உண்டு, மறைக்கத் தேவையில்லை. லெய்லா, நதீர் என்பவை அரபு, பாரசீகப் பக்கத்துப் பெயர்கள். எல்லாரும் பிரமனைக் கூப்பிட்டு மன்றாடுகிறார்கள். நம்மிடம் பிரமனை அப்படிக் கும்பிடும் வழக்கமே இல்லை. ராகச் சாயல் என்று சொல்ல அந்த இசையில் எதுவும் கிடையாது. பாரிஸ்காரர் கிழக்கு என்று கற்பனை பண்ணிய ஒன்று அது.

ஆனால் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. மன்னாரில் சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் உண்மையாகவே முத்துக்குளிப்பு நடந்தபோது, சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிகள் இருந்தார்கள். அவர்கள் கரையில் இல்லாவிட்டால் குளிகாரர் தண்ணீருக்குள் இறங்கமாட்டார்கள் என்பதால், ஆங்கில அரசாங்கமே கூலி கொடுத்து அவர்களை வைத்திருந்தது. கரையில் நிற்கும் ஒருவரின் குரல் கடலுக்குள் போகிறவரைக் காக்கும் என்ற நம்பிக்கை கற்பனை அல்ல. அந்தக் கதையை நம் பக்கத்திலிருந்து, நம் இசையில், நெய்தல் நிலத்துக் கூத்துப் பாட்டோடு ஒருவர் எழுதவேண்டும் என்பது என் பெரிய ஆசை. பிசேயைக் கேட்காமல் விட்டால் அந்த ஆசையே வந்திருக்காது.

சரி, எதிலயிருந்து கேக்கத் தொடங்கிறது?

மேலே சொன்ன இரட்டைப் பாட்டிலிருந்து. அது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட. அப்புறம் பவரொட்டி பாடிய புச்சினியின் நெசுன் டோர்மா. 1990 இத்தாலி உலகக் கிண்ணக் காற்பந்தோடு அது எல்லா வீட்டுக்கும் போனது, அப்பாமாருக்கும் ஞாபகம் இருக்கும். முழு ஓபரா என்றால் பிசேயின் கார்மென், அல்லது புச்சினியின் லா போஹேம். பின்னது இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், கதையும் எளிது: வாடகைக்குக் காசில்லாத நாலு இளைஞர், காசநோய்க்கார ஒரு பெண். வாக்னரைத் தொடக்கத்தில் எடுக்கவேண்டாம். அவருடைய நிபெலுங் மோதிரம் நாலு நாளில் பதினைந்து மணித்தியாலம் போகும்.

சங்கீதம் பழகிற பிள்ளை சேர்ச் கொயரிலயும் பாடினால் குரல் கெடுமோ?

கெடாது. மூச்சும் காதும் இன்னும் நன்றாக வரும். பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரத்தில் பாட, தன் ஸ்வரத்தை விடாமல் பிடிக்கும் பழக்கம் நம் வகுப்பில் கிடைக்காது. ஆனால் நாலாவது பதிலில் சொன்னதைக் கவனிக்க வேண்டும்: அங்கத்தைய பாணி அங்கே, இங்கத்தையது இங்கே.

முத்துசுவாமி தீட்சிதரே மேலைநாட்டு மெட்டுக்குச் சாகித்தியம் எழுதியவர்தான். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்ட் வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஏறக்குறைய நாற்பது நொட்டு ஸ்வர சாகித்தியங்களைச் சமஸ்கிருதத்தில் செய்தார். பிள்ளைகள் பாடும் சக்தி ஸஹித கணபதிம் அதில் ஒன்று. சந்ததம் பாஹிமாம் என்பது ஆங்கிலேயரின் அரச கீதத்தின் மெட்டு. கமகமில்லாத வெறும் சங்கராபரண ஸ்வரங்கள். சிறுபிள்ளைகளுக்கு ஸ்வரத்தை நேராகப் பிடிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

மகனுக்கு மகரக்கட்டு. பாட்டை நிப்பாட்டவோ?

நிப்பாட்ட வேண்டாம், குறையுங்கள். குரல்வளை கெதியாக வளர்கிற காலம் அது. குரல்நாண் நீண்டு தடிக்க, நேற்றுப் பிடித்த ஸ்வரம் இன்றைக்கு வராது. சுருதியை இறக்கி, மத்திய ஸ்தாயியிலேயே வரிசைகளைச் சின்னதாகப் பாடட்டும். எட்டாததை எட்டிப்பிடிக்க விடாதீர்கள். அந்த நாளில் தாளம், ராக லட்சணம், கேள்வி ஞானம் எல்லாம் பழக்கலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் அடுத்த தரப் பரீட்சையை ஒரு வருஷம் பிந்தி எடுத்தால் ஒன்றும் குறையாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரித்தால் எனக்குச் சொல்லுங்கள். நல்ல குரலுள்ள பொடியன்கள் பாட்டை விடுவது பெரும்பாலும் அந்தச் சிரிப்பால்தான்.

தொண்டை கட்டினால் பனங்கற்கண்டு நல்லதோ?

தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிடலாம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணில் படாது, அது உணவுக்குழாயால் போய்விடும். குரல்நாணுக்கு வேண்டியது நிறையத் தண்ணீரும் ஓய்வும். குசுகுசுத்துக் கதைப்பது ஓய்வல்ல, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. மார்ச் மாதத்தில் யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் நடக்கும் கிரிக்கெட் பெருஞ்சமர் முடிந்த கிழமை என் வகுப்பில் பாதிப் பொடியன்களுக்குக் குரல் இருக்காது. அந்தக் கிழமை பாட்டே கிடையாது, எழுத்து வேலை மட்டும். மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பாடும்போது குரல்நாண் எப்படி அசைகிறது என்று கண்ணாடி வைத்து முதலில் வடிவாகப் பார்த்துச் சொன்னவரே ஒரு பாட்டு வாத்தியார்தான். மனுவேல் கார்சியா. 1854இல் பல்வைத்தியரின் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, சூரிய ஒளியைக் கைக்கண்ணாடியால் திருப்பித் தன் தொண்டையைத் தானே பார்த்தார். ஜென்னி லிண்ட் என்ற சுவீடன் பாடகி குரல் கெட்டுப்போய் அவரிடம் வந்தபோது, முதலில் சில வாரம் வாயே திறக்கக்கூடாது என்று அனுப்பிவிட்டார். பிறகு லிண்ட் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றார்.

எங்கட கலையே அழியுது எண்டு கவலைப்படுறம். நீங்கள் வெள்ளைக்காரன்ர பாட்டைக் கொண்டாடுறது சரியோ?

இந்தக் கேள்வியை மரியாதையோடுதான் எடுத்துக்கொள்கிறேன், கேட்பவர்களின் கவலை நியாயமானது. இசை நாடகம் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். ஆனால் அவர்களைக் குறைத்தது ஓபரா அல்ல. யுத்தமும் இடம்பெயர்வும் விடிய விடிய இருந்து பார்க்கும் பழக்கம் போனதும்தான்.

என்னைக் கேட்டால், ஓபரா எனக்கு நம் கலையின்மேல் இருந்த மதிப்பைக் கூட்டியது. முதல் பதிலில் சொன்ன மயான காண்டத்தை நான் சின்னப்பிள்ளையில் ஊர்ப் பாட்டு என்று மட்டும் நினைத்தேன். வெர்டியின் லா த்ராவியாத்தாவில் சாகும் தறுவாயில் ஒருத்தி பாடுவதைக் கேட்ட பிறகு, மகனின் உடலோடு சுடலைக்கு வந்த சந்திரமதி பாடும் இடத்தை மறுபடி கேட்டேன். ஒரு நடிகர் அழுகையைத் தொண்டைக்குள் விடாமல், சுருதியும் கலையாமல், அந்தச் சோகத்தைச் சனத்துக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய குரல் பயிற்சி என்று அப்போதுதான் விளங்கியது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்குப் போகும் என் பிள்ளைகளிடம், கீர்த்தனையோடு நிற்காமல் இசை நாடகப் பாட்டையும் மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கோ என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மகள் ஓபராப் பாடகியா வர விரும்புறாள். நீங்கள் பழக்குவீங்களோ?

முழுதாகப் பழக்கமாட்டேன். மூச்சு, உயிரெழுத்தின் தெளிவு, காது, லயம், இவ்வளவும் என்னால் தரமுடியும். ஓபராக் குரலின் மேல்தளத்தைக் கட்டுவது அதிலேயே ஊறிய ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவேண்டிய வேலை. யூரியூப்பைப் பார்த்துச் செய்யக்கூடாது. நம் சங்கீதத்தை ஐந்தாறு வயதில் தொடங்கலாம். ஓபராவுக்குரிய தீவிரப் பயிற்சி பதினாறு வயதளவில்தான் தொடங்கும், பெரிய பாத்திரங்களுக்குக் குரல் முதிர இருபதுகளின் கடைசியாவது ஆகும். ஆகவே இப்போதைக்கு அவசரமில்லை.

வழி இருக்கிறது. பாடசாலையில் மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாக எடுக்கலாம். லண்டன் ட்ரினிற்றி கல்லூரியும் ரோயல் ஸ்கூல்ஸ் சபையும் இலங்கையில் பரீட்சை வைக்கின்றன, வாய்ப்பாட்டுக்கும் தரங்கள் உண்டு. இலங்கைப் பறங்கியர் குடும்பத்துப் பெற்றோருக்கு மெல்பேணில் பிறந்த டானியல் டி நீஸ் என்ற பாடகி 19 வயதிலேயே நியூயோர்க் மெற்றோபொலிட்டன் ஓபரா மேடையில் பாடினார், அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பியானோவில் ஸ்வரம் தட்டவும் மேலைத்தேய ஸ்வரக் குறிப்பை வாசிக்கவும் இப்போதே பழகட்டும். வாத்தியார் தேடும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஓபராப் பாட்டைக் கொடுக்கிறவரும், பாடம் முடிந்து வரும்போது பிள்ளைக்குத் தொண்டை நோக வைக்கிறவரும் வேண்டாம். சின்னச் சின்ன பழைய இத்தாலியப் பாட்டோடு ஒரு வருஷம் மினக்கெடுத்துகிறவர் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.